மார்புப் பட்டையை விடுங்கள், விலாவைப் பாருங்கள்: மூன்று பாட்டிஸ்கள்

பாட்டிஸ் என்பது ஆப்பிரிக்காவில் பூச்சி பிடித்துத் தின்னும் குட்டிப் பறவை, அதில் பல இனங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பறவை பார்க்கத் தொடங்கிய முதல் வருடம் என் நோட்டில் ஏழெட்டு இடங்களில் 'சின்ஸ்பாட் பாட்டிஸ்' என்று எழுதியிருந்தேன். அதில் இரண்டை அப்புறம் அடிக்க வேண்டியதாயிற்று. ஒன்று கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் பார்த்தது. இன்னொன்று கலஹாரியில், வறண்ட ஆற்றோரத்து வேல மரத்தில். முதலாவது கேப் பாட்டிஸ், இரண்டாவது பிரிரிட் பாட்டிஸ்.

ஏமாற்றியது ஆண் பறவை. மூன்று இனத்திலும் ஆண் ஒரே சாயல்: குட்டை வால், உருண்டை உடம்பு, சாம்பல் தலை, கண்ணை ஒட்டிக் கறுப்பு முகமூடி, வெள்ளைத் தொண்டை, மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை. வால் நுனி வரை அளந்தாலும் 12 செ.மீ. சுமார்தான். இலைக்குள் இரண்டு நொடி தெரிந்து மறையும் பறவையில் அந்தப் பட்டைதான் கண்ணில் படும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

சின்ஸ்பாட் என்ற ஆங்கிலப் பெயரும் பாதி நேரம்தான் உதவும். அந்தப் பெயர் சொல்லும் தாடைப் பொட்டு பெண்ணுக்கு மட்டுமே உண்டு. இந்த விஷயத்தில் அங்கே பேசப்படும் ஆப்பிரிகான்ஸ் மொழிப் பெயர்தான் எனக்குப் பிடித்தது: விட்லீஸ்போஸ்போன்ட்ரொக்கி. வாயில் நுழையச் சிரமம்தான், ஆனால் 'விட்லீஸ்' என்பது காலை ஒட்டிய விலாப்பகுதி வெள்ளை என்கிறது. ஆண், பெண் இரண்டுக்கும் பொருந்தும் அடையாளம் அதுதான். சின்ஸ்பாட்டின் விலா சுத்த வெள்ளை. கேப் பாட்டிஸின் விலாவில் செங்காவி படர்ந்திருக்கும், இறக்கையிலும் அதே நிறம் தெரியும். பிரிரிட் ஆணின் விலாவில் மை தெளித்த மாதிரி கருமைத் திட்டுகள் இருக்கும். எனவே பைனாகுலரைத் தூக்கியதும் மார்பைத் தாண்டிப் பக்கவாட்டுக்குப் போய்விடுங்கள்.

பெண் பறவை கிடைத்துவிட்டால் வேலை இன்னும் சுலபம். சின்ஸ்பாட் பெண்ணின் தாடையில் செம்பழுப்பில் ஒரு பொட்டு, கீழே கொஞ்சம் வெள்ளை இடைவெளி, அதன் கீழ் அதே செம்பழுப்பில் பட்டை. எல்லாம் விளிம்பு பிசகாமல் வரைந்தது போல இருக்கும். பிரிரிட் பெண்ணுக்குப் பொட்டும் கிடையாது, பட்டையும் கிடையாது. தொண்டையிலிருந்து மார்பு வரை சந்தனம் பூசியது போல ஒரே மெழுகல். கேப் பெண்ணுக்குத் தாடையிலும் மார்பிலும் காவி உண்டு, ஆனால் விலாவின் காவியே காட்டிக்கொடுத்துவிடும். இவை பெரும்பாலும் ஜோடியாகத்தான் திரியும். ஆணை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

உண்மையில் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும். சின்ஸ்பாட்டின் பாட்டு மூன்று சீழ்க்கை, படிப்படியாக இறங்கும். கொஞ்சம் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு க, ரி, ச என்றால் போதும், சுருதி லேசாக விலகியிருக்கும், அவ்வளவுதான். பிரிரிட்டும் இறங்குமுகமாகத்தான் பாடும், ஆனால் மூன்றோடு நிறுத்தாது. நிதானமாக, ஒரே இடைவெளியில், டஜன் கணக்கில் அடுக்கிக்கொண்டே போகும். கேப் பாட்டிஸ் ஒற்றைச் சீழ்க்கையைத் திரும்பத் திரும்ப அடிக்கும், நடுவில் கல்லோடு கல் உரசுவது போல் கரகரக்கும்.

இடமும் பெரிய துணை. க்ரூகர் பூங்காவின் மருலா, வேல மரக் காடுகளிலிருந்து வடக்கே கென்யா வரை சின்ஸ்பாட். மேசை மலைச் சரிவு, டிராகன்ஸ்பெர்க் மடிப்புகள் என ஈரமான அடர்காடு என்றால் கேப். கரூ, கலஹாரி, நமீபியா என வறண்ட மேற்கு பிரிரிட்டுடையது. போட்ஸ்வானாவிலும் மத்திய நமீபியாவிலும் சின்ஸ்பாட்டும் பிரிரிட்டும் சந்திக்கும், அங்கே மட்டும் இடத்தை நம்ப வேண்டாம். மொசாம்பிக் பக்கம் போனால் பேல் பாட்டிஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அதன் ஆணையும் சின்ஸ்பாட் ஆணையும் பிரிப்பது மிகக் கடினம், பெண் வரும்வரை நான் எழுதுவதில்லை.

பழைய புத்தகங்கள் இவற்றை ஈப்பிடிப்பான்களோடு சேர்த்திருந்தன. இப்போது தனிக் குடும்பம், புதர்க்கீச்சான்களுக்கு நெருங்கிய உறவு. நடத்தையைப் பார்த்தாலே அது புரியும். கோடையில் ஐரோப்பாவிலிருந்து வரும் புள்ளி ஈப்பிடிப்பான் வெளிக்கொம்பில் நிமிர்ந்து உட்காரும், பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே கொம்புக்குத் திரும்பும். பாட்டிஸ் அப்படி உட்காராது. இலைக்குள் தாவித் தாவித் தேடும், இலையின் அடியில் ஒரு கணம் சிறகடித்து நின்று புழுவைக் கொத்தும். திரும்பும்போது இறக்கை 'ஃப்ர்ர்' என்று அதிரும். குளிர்காலத்தில் வெள்ளைக்கண்ணி, தேன்சிட்டுகளோடு கலந்து திரியும் சின்ஸ்பாட்டை அந்த அதிர்வை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன்.

பிரிரிட் என்ற பெயரும் ஒலியிலிருந்து வந்ததுதான், பிரெஞ்சுப் பயணி லெவயான் வைத்தது. தன்னோடு வந்த, தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் பழங்குடித் தோழர் கிளாஸின் பெயரை ஒரு சிறு குயிலுக்கு வைத்தவரும் அவரே. அந்தக் கிளாஸ் குயில் முட்டையிடும் கூடுகளில் கேப் பாட்டிஸின் கூடும் ஒன்று.

கூட்டைக் கண்டுபிடிப்பது குயிலுக்கு எப்படி முடிகிறதோ! ஒருமுறை ஒரு வேல மரத்தின் கவட்டையில் சின்ஸ்பாட் கூட்டைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம். சிலந்தி நூலால் கட்டி, வெளியே மரப்பாசித் துணுக்குகளை ஒட்டியிருந்தது. பெண் உட்கார்ந்திருக்காவிட்டால் மரக்கணு என்று கடந்திருப்பேன். அடைகாப்பது பெண்தான். விளிம்புக்கு மேல் அலகும் வாலும் மட்டும் தெரிந்தன, பொட்டு உள்ளே புதைந்திருந்தது. ஆண் பச்சைப் புழு ஒன்றோடு வந்தது. பெண் உடம்பைத் தூக்காமல் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டது. ஆண் கிளம்பப் பக்கவாட்டில் திரும்பியபோது விலா தெரிந்தது. சுத்த வெள்ளை.