ஆறு செல்லையும் அளந்து பேட்டரி குடுக்குற கடை: திருவாரூர்ல இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினது

வீட்டு இன்வெர்ட்டருக்கு 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டால் டியூபுலர், அதாவது உயரமான, பிளேட்ல குழாய் வச்ச வகை பேட்டரி ஒன்னு போன மாசம் மாத்தினோம். பிராண்ட் பேரை வேணும்னேதான் விட்டுட்டேன், எக்ஸைடு, அமரான், லுமினஸ்னு நல்ல கம்பெனி நாலஞ்சு பேர் இதே சைஸ்ல பண்றாங்க, எதை எடுத்தாலும் உள்ள இருக்குற வேலை ஒன்னுதான். எந்தக் கடையில எப்படி செக் பண்ணி வாங்குறோம்ங்கறதுலதான் பாதி ஆயுசு இருக்கு. நான் வாங்கினது திருவாரூர்ல ஒரு சின்னக் கடை, வெளிய பாத்தா லாரி பேட்டரி சார்ஜ் போடுற இடம் மாதிரிதான் இருக்கும். ஆனா அந்த அண்ணன் பேட்டரிக்குள்ள தனித்தனி அறையா இருக்குற ஆறு செல்லுக்கும் ஹைட்ரோமீட்டர் (ஆசிட் எவ்ளோ கெட்டின்னு காட்டுற கருவி) விட்டு அளந்து, என் கண்ணு முன்னாடியே பில்லுக்குப் பின்னால ஆறு நம்பரையும் எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. இதுக்காகவே இந்த ரிவ்யூ எழுதணும்னு தோணுச்சு.

பழைய பேட்டரிக்கு என்ன ஆச்சுன்னா, கரண்ட் போனா ஒரு மணி நேரம்கூட தாங்காம பீப் அடிக்க ஆரம்பிச்சிடும். வீட்ல அம்மாவுக்கு ராத்திரி நெபுலைசர் வைக்கணும், அதனால இதை அப்படியே விட முடியாது. முதல்ல வேற ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனோம், அங்க கையில பிடிக்கிற டிஜிட்டல் டெஸ்டரை ரெண்டு டெர்மினல்லயும் மாட்டிட்டு "குட்னு வருது சார், உங்க இன்வெர்ட்டர்லதான் கோளாறு"ன்னு சொல்லி புது இன்வெர்ட்டருக்கு விலை போட்டுக் குடுத்தாங்க. அந்த டெஸ்டர் பொய் சொல்லல, அது கார் பேட்டரிக்காக செஞ்ச மிஷின். கார் பேட்டரில மெல்லிசு மெல்லிசா நிறைய பிளேட் இருக்கும், ஸ்டார்ட்டர் சுத்துற ரெண்டு மூணு செகண்டுக்கு நூறு இருநூறு ஆம்பியர் தள்ளணும், அவ்ளோதான் அதோட வேலை. டெஸ்டர் பாக்குறதும் அந்த பலத்தைத்தான். டியூபுலர்ல பாசிட்டிவ் பிளேட் வேற மாதிரி, ஈயக் குச்சியைச் சுத்தி துணிக்குழாய், அந்தக் குழாய்க்குள்ள மருந்து, அதாவது சார்ஜைப் பிடிச்சு வைக்கிற ஈயப் பொடி. அதனாலதான் அடிக்கடி ஆழமா சார்ஜ் இறங்கினாலும் மருந்து சீக்கிரம் கொட்டாம நிக்குது. இது அஞ்சாறு மணி நேரம் மெதுவா குடுக்க வேண்டிய பேட்டரி, அதை ரெண்டு செகண்ட்ல எடை போட முடியாது.

அப்புறம்தான் இந்த அண்ணன் கடைக்குப் போனோம். அவரு டெஸ்டரைத் தொடவே இல்ல, ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு மறுநாள் ஆற விட்டு ஒவ்வொரு செல்லா கிராவிட்டி, அதாவது ஆசிட்டோட அடர்த்தி பாத்தாரு, சார்ஜ் இறங்கினா இந்த நம்பரும் இறங்கும். அஞ்சு செல் 1220, 1230 பக்கம் நிக்குது, ஒன்னு மட்டும் 1150. கதை அங்கயே முடிஞ்சுது. ஆறு செல்லும் வரிசையா இணைஞ்சிருக்கு, ஒன்னு சீக்கிரம் காலியாச்சுன்னா மொத்த பேட்டரியையும் அது கீழ இழுத்துடும், மத்த அஞ்சுல சார்ஜ் இருந்தும் பிரயோஜனம் இல்ல. இத்தனைக்கும் மீட்டர்ல மொத்த வோல்ட் 12.3 காட்டுச்சு, அதை மட்டும் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது. செல்லுக்கு செல் 30 பாயிண்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா ஒரு தடவை நல்லா முழு சார்ஜ் ஏத்தி மறுபடி பாக்கணும், அப்பவும் அப்படியே நின்னா அந்த செல் போச்சுன்னுதான் அர்த்தம்.

புது பேட்டரிக்கு வருவோம். அண்ணன் முதல்ல காட்டினது பாடில அச்சடிச்சிருக்கிற தயாரிப்பு கோட் நம்பரை, மாசம் வருஷம் எப்படிப் படிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. சார்ஜ் போடாம கடையில மாசக்கணக்குல கிடந்தா பேட்டரி தானாவே இறங்கும், நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் வேகமா இறங்கும், இறங்கின நிலையிலயே கிடந்தா பிளேட்ல சல்பேட் கட்டிப் போயிடும். கஜா புயல் அடிச்ச 2018 நவம்பர்ல இந்தப் பக்கம் கிராமங்கள்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தப்ப காலியாவே கிடந்த இன்வெர்ட்டர் பேட்டரிங்க பலது, கரண்ட் வந்தப்புறம் சார்ஜே ஏறாம போனது இதனாலதான்.

அடுத்து எடை. பழைய பேட்டரியை எடைக்கு எடுக்குறதுக்காக கடையில தராசு இருக்கு, புதுசையும் அதுல ஏத்திக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காம ஏத்தினாரு. இந்த சைஸ் டால் டியூபுலர் ஆசிட்டோட ஐம்பது கிலோவுக்கு மேல வரணும், கம்பெனி பேப்பர்ல போட்டிருக்கிற எடையோட ஒத்துப் பாருங்க. கணிசமா குறையுதுன்னா உள்ள ஈயம் குறைவு, அதை எந்த ஸ்டிக்கரும் சரிக்கட்டாது. டெர்மினல்ல கிளாம்ப் மாட்டின தழும்பு இருக்கான்னும் பாருங்க, பழசைத் துடைச்சு புது ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறவங்களும் இருக்காங்க.

புது பேட்டரில கிராவிட்டி 1235ல இருந்து 1245க்குள்ள ஆறும் வந்துச்சு, வோல்ட் 12.5. நெட்ல படிச்சுட்டு 12.7 வந்தாதான் ஃபுல்னு சண்டை போடுறவங்களுக்காக இதைச் சொல்றேன். ஒரு செல்லோட கிராவிட்டியோட 0.84 கூட்டினா அந்த செல்லோட வோல்ட் கிட்டத்தட்ட வந்துடும். மீட்டர்ல 1240ன்னா கணக்குல 1.240, அதுக்கு 2.08, ஆறால பெருக்குங்க, 12.5தான் வரும். கார் பேட்டரில ஆசிட் கொஞ்சம் கெட்டியா 1.270 பக்கம் இருக்கும், அதனால அங்க 12.7. ஆனா சார்ஜ்ல இருந்து எடுத்த உடனே பாத்தா எந்த பேட்டரியும் 13க்கு மேலதான் காட்டும், நாலஞ்சு மணி நேரமாவது ஆறட்டும். டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தின கையோட கிராவிட்டி பாத்தாலும் தப்பாதான் வரும், தண்ணி மேலயே நிக்கும், சார்ஜ் ஏறி கலக்கணும். மே மாச வெயில்ல ஆசிட் 37 டிகிரில இருந்தா வர்ற ரீடிங்கோட 7 பாயிண்ட் கூட்டிக்கணும், கணக்கெல்லாம் 27 டிகிரிக்குப் போட்டது.

150 ஏஎச்னு எழுதியிருக்கறதை எப்படிப் புரிஞ்சுக்கணும்னும் அண்ணன் பொறுமையா சொன்னாரு. பக்கத்துல சி20ன்னு இருந்தா 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரத்துக்குன்னு அர்த்தம். சி10ன்னு இருந்தா 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம், சோலார் பேட்டரிங்கள்ல இப்படித்தான் போடுவாங்க, அதே 150ன்னாலும் இதுதான் பெரிய பேட்டரி. வேகமா எடுத்தா மொத்தமா கிடைக்கிறதே குறையும். எங்க வீட்ல ரெண்டு பழைய ஃபேன், மூணு எல்இடி, வைஃபை எல்லாம் சேத்து 190 வாட் வரும், இன்வெர்ட்டர் தின்னுறதையும் சேத்தா பேட்டரில இருந்து 19 ஆம்பியர் கிட்ட போகும். பேப்பர் கணக்குல எட்டு மணி நேரம் கிட்ட, நிஜத்துல ஆறு கிடைச்சா சந்தோஷம். ரெண்டு ஃபேனையும் கரண்ட் கம்மியா தின்னுற 30 வாட் பிஎல்டிசி ஃபேனா மாத்தினா லோடு பாதியாயிடும், பெரிய பேட்டரிக்குப் போறதை விட அது நல்ல செலவுன்னு அவரே சொன்னாரு, பேட்டரி விக்கிற ஒருத்தர் வாயில இருந்து இது வந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

வீட்டுக்கு வந்ததும் நல்லா ஃபுல் சார்ஜ் பண்ணி, ஒரே லோடை விடாம ஓட்டி, பீப் வர்ற வரைக்கும் எவ்ளோ நேரம்னு குறிச்சு வாரண்டி கார்டுலயே எழுதி வச்சிருக்கோம். வருஷத்துக்கு ஒரு தடவை அதே லோடுல இதையே பண்ணணும், முதல் நேரத்துல 80 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா அது ரிட்டயர் ஆகுற பேட்டரி. அடிக்கடி இப்படி அடிவரைக்கும் இறக்காதீங்க, அதுவே ஆயுசைத் தின்னுடும்.

குறைன்னு சொல்லணும்னா டெலிவரி. அன்னைக்கே வரும்னாங்க, மறுநாள்தான் வந்துச்சு, மாடிக்கு ஏத்த தனியா காசு. இஎம்ஐ கிடையாது. ஆன்லைன் விலையை விட கொஞ்சம் கூடத்தான், ஆனா ஆன்லைன்ல யாரும் மூடியைத் திறந்து ஆறு செல்லைக் காட்டப் போறதில்ல. வாரண்டி 36+24ன்னு போட்டிருந்தா 60 மாசமும் புதுசு குடுப்பாங்கன்னு நினைக்க வேணாம், முதல் 36 மாசம்தான் முழுசா மாத்தித் தருவாங்க, அடுத்த 24ல வெறும் தள்ளுபடிதான், அதையும் பெரும்பாலும் எம்ஆர்பில போடுவாங்க, கடை விலையோட பாத்தா பெருசா ஒன்னும் மிஞ்சாது. இதை வாங்குறதுக்கு முன்னாடியே ஒளிக்காம சொன்னாரு, பழைய பேட்டரியை எடை போட்டு கழிச்ச தொகையையும் பில்லுலயே தனியா காட்டினாரு.

இந்தப் பக்கம் இருக்கறவங்க தாராளமா போகலாம். காலையில போங்க, சாயங்காலம் ஆனா டிராக்டர், லாரி பேட்டரின்னு கூட்டம் சேந்துடும், நின்னு நிதானமா ஆறு செல்லையும் அளந்து காட்ட அவருக்கு அப்ப நேரம் இருக்காது.