சனிக்கிழமை விளையாட்டுச் சட்ட வகுப்பு: எட்டாம் வாரம் வரை பொறுத்திருங்கள்

யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமைகளில் தமிழில் நடக்கும் இந்தப் பல்கலைக்கழக மட்டப் பாடநெறிக்கு 15 வாரம், வாரத்துக்கு 3 மணித்தியாலம். சட்ட மாணவர்களோடு உடற்கல்வி ஆசிரியர்களும் கழகச் செயலாளர்களும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். பாடத்திட்டமோ சட்ட மாணவரை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

முதல் மூன்று வாரமும் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம், பிரிவு பிரிவாக. தேவையானதுதான், ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. 2023 நவம்பரில் நடந்த கிரிக்கெட் நெருக்கடியிலிருந்து பாடத்தைத் தொடங்கியிருந்தால் அந்தச் சட்டம் தானாக உயிர்பெற்றிருக்கும். 6ஆம் திகதி விளையாட்டு அமைச்சர் இலங்கை கிரிக்கெட் சபையைக் கலைத்து இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு 14 நாள் தடை விதித்தது. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை அந்தச் சபையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. நீதிமன்றம் சபையைக் காப்பாற்றிய பிறகும் இடைநிறுத்தம் ஏன் வந்தது? இந்த ஒரு கேள்விக்குள் நாட்டுச் சட்டமும் சர்வதேசச் சம்மேளனத்தோடு செய்த அங்கத்துவ உடன்படிக்கையும் இரண்டும் அடங்கிவிடும். அதே ஆண்டு ஜனவரி 21 முதல் ஓகஸ்ட் வரை இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் பிஃபாவின் இடைநிறுத்தத்தால் பட்ட பாட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். விரிவுரையில் இவை இரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரு சிலைட்.

சுவிஸின் லோசானில் உள்ள விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றம் பற்றிய இரண்டு வாரமும் நன்று. சுவிஸில் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு, ஆனால் அந்த மன்றத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர் அதிலும் குறைவு. பயிற்சித்தாள் நேரே, சம்மேளனத்தின் தீர்ப்புக்கு எதிராக அங்கே மேன்முறையிடும் கால எல்லைக்குப் போகிறது. சம்மேளனத்தின் விதியில் வேறு எல்லை இல்லையென்றால், தீர்ப்புக் கையில் கிடைத்த மறுநாளிலிருந்து 21 நாள். அந்த எல்லை முடிந்து 10 நாளுக்குள் விரிவான மேன்முறையீட்டு வாதம். திருப்பித் தரப்படாத 1000 சுவிஸ் பிராங்க் கட்டணம். மாணவர்கள் பிழைவிடும் இடம் எப்போதும் ஒன்றுதான்: கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து எண்ணுவது. அது போதாதென்று, சம்மேளனத்தின் சொந்த விதிகளைத் திறந்து பார்க்காமலே 21 என்று எழுதிவிடுகிறார்கள்.

எட்டாம் வாரம் ஊக்கமருந்து. இதற்காகவே சேரலாம். வெற்று மாதிரிப் பெட்டியும் கட்டுப்பாட்டுப் படிவமும் மேசைக்கு வருகின்றன. குறைந்தது 90 மில்லிலீற்றர் சிறுநீர், ‘ஏ’ போத்தலுக்கு 60, ‘பி’ போத்தலுக்கு 30. கடந்த 7 நாளில் எடுத்த மருந்தையும் ஊட்டச்சத்துப் பொருளையும் படிவத்தில் எழுதுவதைப் பலர் விட்டுவிடுவார்கள். பிறகு விளக்கம் சொல்லும்போது அந்த வெற்றுக் கட்டமே எதிராக நிற்கும். கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் 2011 வழக்கு நம் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது: தோள் காயத்துக்கு எடுத்த மூலிகை மருந்து, மாதிரியில் தடைசெய்யப்பட்ட பிரெட்னிசொலோன், மூன்று மாதத் தடை. எண்ணெயும் சூரணமும் குடும்ப வைத்தியரிடமிருந்து வரும் இடத்தில் ‘கடும் பொறுப்பு’, அதாவது தெரியாமல் உடலுக்குள் போனாலும் வீரரே பொறுப்பு என்ற கோட்பாட்டை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. அடுத்ததாக இன்னொரு கிரிக்கெட் வீரர், குசல் பெரேரா. 2015 டிசம்பரில் தற்காலிக இடைநிறுத்தம். கட்டாரிலிருந்த ஆய்வுகூடம் தன் முடிவை மீளப்பெற்றதால் 2016 மே மாதம் குற்றச்சாட்டே கைவிடப்பட்டது. ஆய்வுகூட அறிக்கையை எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று விரிவுரையாளர் காட்டும் அரை மணித்தியாலம் முழுத் தவணைக்கும் ஈடு.

ஆட்ட நிர்ணயத்துக்கு ஒரே வகுப்பு. 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் 10 ஆண்டுவரை சிறை விதிக்கலாம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சூதாட்டத் தரகர் அணுகியதை மறைப்பதும், விசாரணைக்கு ஒத்துழைக்காததும் தனித்தனி மீறல்கள் என்பதைச் சொல்ல நேரம் போதவில்லை. சனத் ஜயசூரியவுக்கு 2019இல் கிடைத்த இரண்டு ஆண்டுத் தடை பின்னதுக்குத்தான்.

காயமும் இழப்பீடும் என்ற பகுதி பலவீனம். முழுக்க ஆங்கிலேய வழக்குகள். நம் தீங்கியல் (பிறருக்கு விளைத்த தீங்குக்கு இழப்பீடு பற்றிய சட்டம்) உரோமன்-டச்சு வழியில் வந்தது என்ற குறிப்புக்கூட இல்லை. பெற்றோரிடம் சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வாங்கினால் ஆசிரியரின் கவனக்கடமை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள் அதே நம்பிக்கையோடு திரும்புகிறார்கள். ஆட்டத்தின் வழமையான ஆபத்துக்கு உடன்பட்ட பிள்ளை, உடைந்த கோல்கம்பத்துக்கு உடன்படவில்லை.

1904 முதல் ‘வடக்கின் போர்’ என்ற பாடசாலைக் கிரிக்கெட் போட்டி நடக்கும் ஊர் இது. பாடசாலை மாறிவந்த மாணவனின் தகுதி, வயதுச் சான்று, போட்டி முடிந்ததும் எழுத்தில் கொடுக்க வேண்டிய முறைப்பாடு ஆகியவற்றுக்கு ஒரு மணித்தியாலமும் ஒதுக்காதது பெரிய குறை. ஒப்படையாக ஒரு கழக யாப்பை வரையச் சொல்கிறார்கள். திருத்திக் கொடுக்கும்போது புள்ளி மட்டும்தான் வருகிறது, குறிப்பு வருவதில்லை. ஒழுக்காற்று விசாரணையை நடத்தியவரே மேன்முறையீட்டுக் குழுவிலும் இருக்கும்படி எழுதிய யாப்பு அப்படியே சித்தியடைந்துவிடுகிறது.

கையேட்டில் கலைச்சொல் அட்டவணை இல்லை. சேருபவர்கள் 1973 சட்டத்தின் தமிழ்ப் பிரதியையும் தங்கள் கழகத்தின் யாப்பையும் முதல் நாளே கொண்டுபோங்கள். இடைவேளையில் விரிவுரையாளரிடம் நேரே கேட்டால் பொறுமையாக விளக்குகிறார்.