கம்பளி நூலின் பருமன்: நான்கு அளவுமுறைகளில் எதை நம்புவது?

கம்பளி நூல் வாங்கப் போகிறவரை முதலில் இடறச் செய்வது ‘வெயிட்’ என்னும் சொல்தான். பின்னல் குறிப்புகளில் ‘யார்ன் வெயிட்’ என்று வருவது நூற்பந்தின் எடை அன்று, நூலின் பருமன். 100 கிராம் பந்து ஒன்றில் 400 மீட்டர் மெல்லிய நூலும் இருக்கலாம், 100 மீட்டர் தடித்த நூலும் இருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றே. இந்தப் பருமனைச் சொல்ல ப்ளை, எண், சுற்று, நீளம் என நான்கு முறைகள் வழக்கில் உள்ளன. குறிப்பில் சொன்ன நூல் கிடைக்காதபோது வேறொரு நூலைத் தேர்ந்தெடுக்க இவற்றுள் எது துணைநிற்கும் என்பதே இங்கு கேள்வி.

ப்ளை முறை பழையது. ஏமாற்றுவதிலும் அதற்கே முதலிடம். முப்புரி நூல் என்றால் மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கியது என்று நாம் புரிந்துகொள்வதைப் போலவே, தொடக்கத்தில் ப்ளையும் புரிகளின் எண்ணிக்கையையே குறித்தது. இன்றோ அது பருமனின் பெயராக மட்டுமே நிற்கிறது. பிரிட்டனில் ‘ஃபோர் ப்ளை’க்கு மேல் ‘டி.கே.’ எனப்படும் டபுள் நிட்டிங், அதற்கு மேல் ‘ஆரன்’, அதற்கும் மேல் ‘சங்கி’ என்று பெயர்கள் ஏறுகின்றன, அதே டி.கே. ஆஸ்திரேலியாவில் ‘எய்ட் ப்ளை’ ஆகிறது. ஆனால் எய்ட் ப்ளை நூலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எட்டுப் புரிகள் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒற்றைப் புரியாகவே விற்கப்படும் தடித்த நூல்களும் உண்டு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் 0 முதல் 7 வரை எண்களை வகுத்தது. 0 லேஸ் பின்னலுக்கான மிக மெல்லிய நூல். 7 கையையே ஊசியாக்கிப் பின்னத்தக்க பருமனுள்ள நூல். டி.கே. 3-இலும், நடுத்தரப் பருமனுக்கான அமெரிக்கப் பெயரான ‘வொர்ஸ்டெட்’, ‘ஆரன்’ இரண்டும் 4-இலும் அடங்கும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட எளிய வாசல் இல்லை. ஆயினும் ஒவ்வோர் எண்ணும் ஒரு புள்ளி அன்று, ஒரு வீச்சு. எண் 4 என்றால் 10 சென்டிமீட்டர் அகலத்தில் 16 முதல் 20 கண்ணிகள் வரை வரலாம். 100 கண்ணிகள் போட்டால் ஒரு நூலில் 50 சென்டிமீட்டரும் மற்றொன்றில் 62.5 சென்டிமீட்டரும் அகலம் வரும் என்பதைக் கணக்கிட்டால், எண் ஒன்றை மட்டும் நம்பி ஸ்வெட்டர் தொடங்குவது எவ்வளவு துணிச்சல் என்பது விளங்கும்.

திருப்பூர், கோவைப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த எண் வரிசை தலைகீழாகவே தோன்றும். மில்லில் 60 கவுண்ட் நூல் 30 கவுண்டை விட மெல்லியது. ஏனெனில் ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே அங்கு கவுண்ட். குரோஷா நூலிலும் அப்படியே: 10-ஆம் எண் தடித்தது, 80-ஆம் எண் மெல்லியது. கிராஃப்ட் யார்ன் கவுன்சிலின் எண்ணிலோ எண் ஏற ஏறப் பருமனும் ஏறுகிறது.

மூன்றாவது, அளவுகோலில் நூலைச் சுற்றி, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை சுற்றுகள் அடங்குகின்றன என்று எண்ணும் முறை. டி.கே.க்கு ஏறத்தாழ 11 முதல் 15 சுற்றுகள், வொர்ஸ்டெட்டுக்கு 9 முதல் 12. எல்லைகள் ஒன்றன்மீது ஒன்று ஏறி நிற்பதே இதன் பலவீனத்தைக் காட்டும். சற்று இழுத்துச் சுற்றினாலோ நெருக்கினாலோ விடை மாறிவிடும்.

எஞ்சியது 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்னும் கணக்கு. என் முடிவில் இதுவே நான்கிலும் நம்பத்தக்கது, ஏனெனில் இது பெயரும் அன்று, வீச்சும் அன்று, அளந்து பெற்ற தொகை. ஃபிங்கரிங் எனப்படும் மெல்லிய நூல் 400 மீட்டரை ஒட்டியும், டி.கே. 200 முதல் 250 வரையும், ஆரன் 150 முதல் 180 வரையும் இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஒப்பிடும் இரு நூல்களும் ஒரே வகை நாராக இருக்க வேண்டும். பருத்தி கம்பளியை விட அடர்த்தியானது. ஆகவே ஒரே பருமனுள்ள இரு நூல்களில் பருத்தி 100 கிராமுக்குக் குறைந்த நீளமே தரும், அக்ரிலிக்கோ கூடுதலாகத் தரும். பந்துக்கு 220 மீட்டர் வீதம் ஐந்து கம்பளிப் பந்துகள் கேட்கும் சட்டைக்கு 1100 மீட்டர் வேண்டும். பந்துக்கு 170 மீட்டர் உள்ள பருத்தியில் அதைப் பின்ன ஏழு பந்துகள் வாங்க வேண்டும். எடையை எடையாலேயே ஈடுகட்டுகிறவர் கடைசிக் கையைப் பின்னும்போது நூல் தீர்ந்து நிற்பார்.

நான்கில் எதைத் தேர்ந்தாலும் மாதிரித் துண்டு பின்னுவதைத் தவிர்க்க முடியாது. 22 கண்ணிகளுக்கு 10 சென்டிமீட்டர் வரவேண்டிய இடத்தில் கைத்தளர்வால் 20 கண்ணிகளுக்கே அந்த அகலம் வந்தால், 220 கண்ணிகளில் 100 சென்டிமீட்டராக வேண்டிய சுற்றளவு 110 ஆகிவிடும். அத்துண்டைத் துவைத்து உலர்த்திய பின்பே அளக்க வேண்டும்.

லேபிள் தொலைந்த பழைய பந்துக்கும் நீளக் கணக்கே கைகொடுக்கும். 10 மீட்டர் நூலை அளந்து, கிராமின் பின்னத்தையும் காட்டும் சமையலறைத் தராசில் வையுங்கள். 4 கிராம் காட்டினால் 100 கிராமுக்கு 250 மீட்டர். கம்பளியானால், அது டி.கே. பருமன்.