வீடியோவா, எழுத்தா: தன்னார்வக் குழுவின் இணையக் கூட்டத்துக்கு எது தோது?

கட்டற்ற மென்பொருள்களை மொழியாக்கம் செய்யும் ஒரு தன்னார்வக் குழுமத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். உறுப்பினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. மாதாந்திரக் கூட்டத்தை முன்பு வீடியோவில் நடத்தினோம், இப்போது எழுத்து அரட்டையில் நடத்துகிறோம். மாறியே ஆக வேண்டும் என்று வாதாடியவர்களில் நானும் உண்டு. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடியோவின் நன்மைகளை விளக்கத் தேவையில்லை. முகம் பார்த்துப் பேசலாம், புதியவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள், பேச்சு வேகமாக நகரும். எந்தக் கருவி என்பதும் பெரிய விஷயமில்லை. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். ஜிட்சியில் அந்தக் கெடுபிடி இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து அதன் பொதுத் தளத்தில் அறையைத் திறப்பவர் மட்டும் ஏதாவது ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும்.

எங்களை மாற வைத்தது கூட்டக் குறிப்பு. வீடியோவில் ஒரு மணி நேரம் பேசினால் அதை யாராவது உட்கார்ந்து எழுதியாக வேண்டும். யார் எழுதுவது? எல்லோரும் பகல் வேலையை முடித்துவிட்டு வந்தவர்கள். கூட்டம் நடக்கும்போதே எழுதுகிறவரால் விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது. ரெக்கார்டிங்கைக் கேட்டுப் பிறகு எழுதலாம் என்று விட்டால் அந்தப் பிறகு தள்ளிக்கொண்டே போகும். குறிப்பு கைக்கு வருவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். "நீங்கள்தானே செய்வதாகச் சொன்னீர்கள்", "இல்லையே, பார்க்கலாம் என்றுதானே சொன்னேன்" என்று ஆரம்பித்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். இதைவிடக் கவலையானது, நம்மை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் நிலை. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று அறிய அவர்கள் முழு ரெக்கார்டிங்கையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்?

எழுத்துக் கூட்டத்தில் பேச்சே குறிப்பாகிவிடுகிறது. ஐஆர்சி என்ற இணைய எழுத்து அரட்டை 1988-இல் பின்லாந்தில் பிறந்த பழைய நுட்பம்தான். ஆனால் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் குழுமத்தில் பயன்பட்டுப் பரவிய மீட்பாட் போன்ற ஒரு தானியங்கி நிரலை (பாட்) அதில் சேர்த்துவிட்டால் குறிப்பு எழுதும் வேலை பெருமளவு முடிந்துவிடும். தலைமை வகிப்பவர் கூட்டம் தொடங்கியது என்று ஒரு கட்டளை தட்டுகிறார். பொருள் மாறும்போது இன்னொன்று. முடிவு எட்டியதும் 'அக்ரீட்' என்று ஒரு வரி. யாராவது வேலையை ஏற்றுக்கொண்டால் 'ஆக்‌ஷன்' என்று அவர் பெயரோடு ஒரு வரி. கூட்டம் முடிந்ததாகத் தட்டிய சில நொடிகளில் தீர்மானங்களும், யார் பொறுப்பில் என்ன வேலை என்ற பட்டியலும், முழு உரையாடலும் இணையத்தில் இருக்கும். "பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்" என்பவர் அந்த ஆக்‌ஷன் வரி விழும்போதே மறுத்துவிடலாம்.

ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் குழுமத்தின் கவுன்சிலைப் பாருங்கள். ஏழு பேர், ஆண்டுதோறும் தேர்தல், மாதம் ஒரு முறையாவது ஐஆர்சியில் பொதுக் கூட்டம். அடுத்தடுத்து இரண்டு கூட்டங்களுக்கு உறுப்பினரோ அவர் அனுப்பும் பதிலாளோ வராவிட்டால் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறும். அதற்குப் பிறகும் தவறினால் பதவி போய்விடும். ஒரு கூட்டத்துக்குப் பாதிப் பேருக்குக் குறைவாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மொத்தக் கவுன்சிலுக்கும் மறுதேர்தல். இவ்வளவு கறாரான விதியை நடைமுறைப்படுத்த, யார் வந்தார்கள் என்பதற்கு யாராலும் மறுக்க முடியாத பதிவு வேண்டும். எழுத்துக் கூட்டம் அதைத் தானாகவே தந்துவிடுகிறது.

எங்களைப் போல இந்தியாவிலிருந்து கலந்துகொள்கிறவர்களுக்கு நேரமும் ஒரு காரணம். உலக நேரம் (UTC) 19:00 என்பது ஐரோப்பாவுக்கு மாலை, கலிபோர்னியாவுக்குப் பகல். நமக்கு நள்ளிரவு 12:30. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது மைக்கில் பேசுவதைவிடத் தட்டச்சு செய்வது எளிது. வர முடியாதவர் காலையில் பத்து நிமிடத்தில் படித்துவிடுவார். மார்ச்சிலும் இலையுதிர் காலத்திலும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வெவ்வேறு வாரங்களில் கடிகாரத்தை மாற்றும், நாம் மாற்றுவதில்லை. எனவே எந்தக் கருவியானாலும் கூட்ட நேரத்தை உலக நேரத்தில் மட்டும் அறிவியுங்கள்.

எழுத்தின் குறை வேகம். வீடியோவில் பேசி முடிக்கும் விஷயங்களில் பாதியைக்கூட அதே ஒரு மணி நேர அரட்டையில் தொட முடியாது. இருவர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தால் பதில்கள் மாறிப்போகும். இதற்கு நாங்கள் கண்ட வழி, விவாதத்தைக் கூட்டத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது. நிகழ்ச்சி நிரல் ஒரு வாரம் முன்னதாக வர வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் வாக்கெடுப்புக்கு விடத்தக்க வரைவு வாசகம் இருக்க வேண்டும். வாசகம் இல்லாத பொருளைத் தலைவர் அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் ஒன்பது இயக்குநர்களும் திட்ட அறிக்கைகளைக் கூட்டத்துக்கு முன்பே படித்து ஒப்புதல் குறித்துவிடுகிறார்கள். ஆட்சேபம் உள்ளவை மட்டுமே கூட்ட நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பழக்கத்தை வீடியோவில் கூடுகிறவர்களும் கடைப்பிடிக்கலாம்.

கூட்டமே இல்லாமல் வாக்கெடுப்பை மட்டும் திறந்து வைப்பது மூன்றாவது வழி. அப்பாச்சி திட்டங்களில் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைப்பார்கள். செலவுக்கு ஒப்புதல் போன்ற வழக்கமான விஷயங்களுக்கு நாங்களும் இதைத்தான் செய்கிறோம். சிக்கலான விஷயம் என்றால் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள். கூட்டத் தேதி என்ற கெடு இருந்தால்தான் பதில் வருகிறது.

எங்களுடையது சிறிய குழு. பதினைந்து, இருபது பேர் கொண்ட குழுவில் எழுத்து அரட்டை தாங்குமா என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். வீடியோவைத் தானாகவே குறிப்பாக்கும் கருவிகளையும் கொஞ்ச காலம்தான் பார்த்தோம். பல நாட்டு உச்சரிப்பில் பெயர்கள் சிதைந்து வந்தன. இப்போது தேறியிருக்கலாம்.

நடத்தை விதிமீறல் புகார்களை மட்டும் இன்னும் மூடிய வீடியோ கூட்டத்தில்தான் பேசுகிறோம். ஒருவர் மனம் புண்பட்டுச் சொல்வதைக் கேட்கக் குரல் வேண்டும், அந்தப் பேச்சு எங்கும் பதிவாகவும் கூடாது. எடுத்த முடிவை மட்டும், புகார் தந்தவரின் பெயர் இல்லாமல், அடுத்த பொதுக் கூட்டத்தின் முதல் வரியாகச் சேர்க்கிறோம்.