குன்னூர்–உதகை மலை ரயில்: முப்பது ஆண்டுகளாக ஏறி இறங்கியவனின் அனுபவம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைவரை 46 கிலோமீட்டர். அதில் குன்னூருக்கு மேலே உள்ள 19 கிலோமீட்டர்தான் என் ரயில். வீடு குன்னூரில், வேலை உதகையில். 1993இல் ஏறத் தொடங்கினேன்.

அப்போது காலை வண்டியில் எல்லாமே தெரிந்த முகங்கள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு அருவங்காட்டில் இறங்குவார்கள். கேத்தியில் கேரட் கூடைகள் ஏறும். ஈர மண் வாசனை பெட்டியை நிறைத்துவிடும். லவ்டேல் பக்கம் வளைவில் வண்டி திரும்பும்போது, கூடை சரியாமல் ஆளுக்கொரு காலை முட்டுக்கொடுப்போம். கூடைக்காரம்மா இறங்கும்போது கைக்கு ஒரு கேரட் தந்துவிட்டுப் போவார்.

அந்தக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்தது. பஸ் முக்கால் மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பஸ் போனால் அடுத்தது வரும். ரயில் போனால் போனதுதான். தேயிலையும் காய்கறியும் லாரிக்கு மாறின. நானும் அவசரமான நாட்களில் மட்டும் பஸ் ஏறினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இந்தப் பாதைக்குப் பணமுடை புதிதல்ல. 1891இல் வேலை தொடங்கிய முதல் கம்பெனி பாதியிலேயே நொடித்துப்போனது. 1899இல் குன்னூருக்கு ரயில் வந்தது. உதகையைத் தொட 1908 ஆகிவிட்டது. செலவு அப்படிப்பட்டது. மலையடிவாரத்துக் கல்லாறு நிலையத்துக்கு மேலே, குன்னூர்வரை ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவில், என்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறப் பல்தண்டவாளம், பின்னாலிருந்து தள்ளும் நீராவி என்ஜின், பெட்டிக்கொரு பிரேக்ஸ்மேன். வண்டி போகும் வேகமோ மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் அந்த வண்டியும் நின்றுவிடும். 2009 நவம்பர் மழைக்குப் பிறகு பாதையைச் சீராக்க எத்தனை நாள் ஆனது என்பது குன்னூர்க்காரர்களுக்கு மறக்காது. சின்னச் சின்னப் பெட்டிகள் நான்கைந்தில் எத்தனை பேரை ஏற்றி இவ்வளவையும் ஈடுகட்டுவது?

2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது இந்த ரயில். அந்த மதிப்பு இல்லாதிருந்தால் தண்டவாளத்தையே பெயர்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இன்று மே மாதத்தில் இடம் கிடைப்பது அரிது. ஆனால் நிறைந்த வண்டியைப் பார்த்து இது செழிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வகைப் பயணியை நம்பி ஓடும் ரயில் இது. 2020இல் சுற்றுலா நின்றபோது ரயிலும் மாதக்கணக்கில் நின்றது. பஸ்கள் அதற்கு வெகு முன்பே ஓடத் தொடங்கிவிட்டன.

வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால், வண்டி ஓடுகிறதா என்று முதல் நாளே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். குன்னூரில் நீராவி என்ஜினைப் படமெடுத்ததோடு இறங்கிவிடாதீர்கள். கேத்திப் பள்ளத்தாக்கு அதற்கு மேலேதான் இருக்கிறது. போன மாதம் ஏறினேன். அருவங்காட்டில் வண்டி நின்றது. எங்கள் பெட்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை.