ஜர்னல் அலங்காரம்: எந்தப் பேனாவுக்கு எந்த ஹைலைட்டர்?

கறுப்பு மையில் தலைப்பை நிதானமாக எழுதி முடித்து, அதன்மேல் இளஞ்சிவப்பு ஹைலைட்டரை ஒரு இழு இழுத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் சாம்பல் நிறத்தில் வால் முளைத்துவிடும். ஹைலைட்டரின் முனையும் கறுத்துப்போய், அடுத்த பக்கத்திலும் அந்த அழுக்கைப் பூசும். இதற்குப் பெரும்பாலும் ஹைலைட்டர்தான் திட்டு வாங்கும். ஆனால் குற்றம் அடியில் இருக்கும் பேனாவினுடையது. அதனால் பேனாவைத் தனியாகவும் ஹைலைட்டரைத் தனியாகவும் ஒப்பிட்டு வாங்குவதில் பயனில்லை. ஜோடி பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

விஷயம் மையில் இருக்கிறது. சாய மை என்றால் நிறம் நீரில் கரைந்திருக்கிறது என்று பொருள். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் திரும்பக் கரையும். நிறமி மையில் நிறம் நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. காய்ந்ததும் துகள்கள் தாளில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீருக்கு அசையாது. கடையில் கிடைக்கும் ஹைலைட்டர்களில் பெரும்பாலானவை தண்ணீர் மைதான். சாய மைமேல் ஹைலைட்டர் ஓட்டுவது ஈரத்துணியால் துடைப்பது மாதிரி.

ஃபைன்லைனரா, ஜெல்லா?

ஃபைன்லைனர் (மெல்லிய நார் முனைப் பேனா) என்ற பெயரை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். சகுரா பிக்மா மைக்ரான், ஸ்டெட்லர் பிக்மென்ட் லைனர் இரண்டும் நிறமி மை; காய்ந்தபின் ஹைலைட்டருக்குத் தாங்கும். அதே அலமாரியில், அதே தடிமனில் இருக்கும் ஸ்டபிலோ பாயின்ட் 88 (0.4 மி.மீ.), ஸ்டெட்லர் டிரிப்ளஸ் ஃபைன்லைனர் (0.3 மி.மீ.) இரண்டும் நீரில் கரையும் மை. வண்ண வண்ணமாக எழுத இவை அருமை, விலைக்கும் நியாயம். ஆனால் இவற்றின்மேல் ஹைலைட்டர் போகக் கூடாது. பைலட் ஹைடெக்பாயின்ட் வி5-க்கும் இதே கதைதான். தண்ணீர் பட்டால் அழுதுவிடும்.

மைக்ரானில் இன்னொரு குழப்பம், அதன் எண். 01 என்றால் 0.1 மி.மீ. இல்லை, 0.25 மி.மீ. 005 என்பது 0.20, 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50. தமிழில் எழுதுபவர்களுக்கு இது முக்கியம். 5 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்த டாட் கிரிட் தாளில் ‘ண’, ‘ணை’, ‘ஜ’ எழுதும்போது 08 போட்டால் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். உள்ளடக்கத்துக்கு 01 அல்லது 03, தலைப்புக்கு 05 போதும். 005-ஐ முதல் பேனாவாக வாங்க வேண்டாம். பால்பாயின்ட் பிடித்த கை கொஞ்சம் அழுத்தினாலே அந்த முனை உள்ளே போய்விடும். அதற்கப்புறம் உலோகக் குழாய்தான் தாளைக் கீறும். பென்சிலில் வரைந்து மேலே மைக்ரான் போடுபவர்கள் ரப்பரை மெதுவாக ஓட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் பென்சிலோடு சேர்ந்து மையும் வெளுக்கும்.

ஜெல் பேனாவில் கறுப்பு ஆழமாக விழும், எழுத வழுக்கிக்கொண்டு போகும், ரீஃபில் கிடைக்கும். குறை, காய எடுக்கும் நேரம். யூனிபால் சிக்னோ வகையில் நிறமி ஜெல் உண்டு. அதுவும் காயும்வரை இழுபடத்தான் செய்யும். வழவழப்பான தாளில் இன்னும் தாமதம். சென்னை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலத்தில் அவசரப்படவே கூடாது. நம் ஊர்க் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஜெல் பேனாக்களில் எது சாயம், எது நிறமி என்று உறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண பால்பாயின்ட்டை இந்தப் போட்டியில் யாரும் சேர்ப்பதில்லை. அதன் மை எண்ணெய்ப் பதம். தண்ணீர் ஹைலைட்டர் அதைப் பெரிதாகக் கலைக்காது. கோட்டின் நடுவே திரளும் மைக்கட்டியை மட்டும் காயவிட்டால் போதும். அழகு குறைவு, தொல்லையும் குறைவு.

பேஸ்டலா, பளிச்சா?

ஸ்டபிலோ பாஸ் 1971-ல் வந்தது. அந்தப் பளிச் மஞ்சள் படிப்பதற்காகப் பிறந்த நிறம். பட்டை முனை, 2 அல்லது 5 மி.மீ. அகலத்தில் கோடு விழும். மூடியைத் திறந்தபடி வைத்தாலும் 4 மணி நேரம் காயாது என்பது நிறுவனத்தின் உறுதி. ஆனால் அலங்காரப் பக்கத்தில் ஃப்ளோரசன்ட் நிறம் வேறு எதையும் பேசவிடாது. செல்போனில் படம் எடுத்தால் நிறம் எகிறிவிடும், வெளிச்சத்தில் கிடந்தால் மற்றதைவிடச் சீக்கிரம் வெளுக்கும். இதே பாஸில் பேஸ்டல், அதாவது வெளிறிய மென்னிற வரிசையும் இருக்கிறது. பளிச் நிறம் ஒத்துவராதவர்கள் அதைப் பார்க்கலாம்.

அலங்காரத்துக்கு ஸீப்ரா மைல்ட்லைனர் ஹைலைட்டர் இதைவிட மேல். ஒரு பக்கம் பட்டை முனை, மறுபக்கம் மெல்லிய முனை. மங்கலான நிறங்கள், மையும் நீர் சார்ந்த நிறமி. செட்டாக வாங்கும்போது ஐந்தில் இரண்டு நிறம் பெட்டியிலேயே தூங்கும். தனியாகக் கிடைத்தால் சாம்பலை முதலில் எடுங்கள். மைக்ரான் 05-ல் தலைப்பை எழுதிக் காயவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் வலப்பக்கமும் அடிப்பக்கமும் மட்டும் சாம்பலின் மெல்லிய முனையால் ஒரு கோடு ஒட்டினாற்போல் இழுங்கள். எழுத்து தாளிலிருந்து எழும்பி நிற்கும். ‘ட’, ‘ப’ மாதிரி நேர்கோட்டு எழுத்தில் இது சட்டென்று அமையும். ‘ஞ’, ‘ஐ’ போன்றவற்றில் சுழிக்குள்ளே நிழல் போடாமல் வெளிவிளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழம்பும்.

பட்டை முனையில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கி’, ‘மீ’ கோட்டுக்கு மேலே ஏறும். ‘கு’, ‘மூ’ கீழே இறங்கும். 5 மி.மீ. பட்டை நடு உடம்பை மட்டும் மூடும். கொம்பும் வாலும் வெளியே நிற்கும். இரண்டாவது இழுப்பில் மூடப் பார்த்தால், இரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் கறுத்துக் கோடாகத் தெரியும். ஈரத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் நூல் நூலாக உரியும். முழுச் சொல்லையும் மூட முயலாமல், எழுத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் ஒரே இழுப்பில் பட்டை விடுவது பார்வைக்கு நன்றாக இருக்கும்.

எப்படிப் பார்த்தாலும் நல்ல வழி வரிசையை மாற்றுவதுதான். முதலில் ஹைலைட்டர் பட்டை, அது முழுக்கக் காய்ந்ததும் அதன்மேல் எழுத்து. ஈரமாக இருக்கும்போதே எழுதினால் மை கிளை கிளையாகப் பரவும்.

பிரஷ் பேனாக்கள்

பிரஷ் பேனாவின் முனை தூரிகை மாதிரி வளையும். டோம்போ டூயல் பிரஷ் நிறத்தோடு நிறம் கலக்க ஏற்றது; நீரில் கரையும் மை என்பதால்தான் அப்படிக் கலக்கிறது. ஆனால் முனை பெரியது. அதில் ‘ண’ எழுத அரைப்பக்கம் வேண்டும். சின்ன ஜர்னலில் தமிழ்த் தலைப்பு என்றால் டோம்போ ஃபூடெனோசுகேயின் கடின முனை பொருத்தம். தொடக்கத்தில் மென்முனையை எடுத்தால் கை ஆட்டம் அப்படியே தாளில் தெரியும். ஆங்கில லெட்டரிங் பாடத்தில் சொல்லும் ‘இறங்கும்போது அழுத்து, ஏறும்போது விடு’ என்ற விதி தமிழுக்கு அப்படியே ஓடாது. நம் எழுத்தில் படுக்கைக் கோடும் சுழியும் அதிகம். நேர்க்கோட்டில் மட்டும் அழுத்தி, சுழியை மெலிதாக விடுங்கள்.

ஆல்கஹால் மார்க்கர் ஜர்னலுக்கு வேண்டாம். கெட்டித் தாளிலும் பின்பக்கம் ஊறும்.

அழியும் பேனா, வெள்ளைப் பேனா

பைலட் ஃப்ரிக்‌ஷன் மை சூட்டில் மறையும். உரசும்போது எழும் சூடுதான் அழிக்கிறது. சுமார் 60 டிகிரி செல்சியஸ் தாண்டினால் போதும். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டிலோ, லேமினேஷன் மெஷினிலோ பக்கம் வெற்றுத்தாளாகிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும், முன்பு வேண்டுமென்றே அழித்ததையும் சேர்த்துக்கொண்டு! மாதத் திட்டக் கட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாக்க வேண்டிய பக்கத்துக்கு வேண்டாம்.

வெள்ளைக்கு சகுரா ஜெல்லி ரோல், யூனிபால் சிக்னோ அகல முனை இரண்டும் பெயர் பெற்றவை. ஒரே கோட்டில் அடர்த்தியாக வேண்டுமென்றால் சிக்னோ. நுண்புள்ளிக்கு ஜெல்லி ரோல் 05. இரண்டிலும் வரும் புகார் ஒன்றுதான்: வெள்ளை ரோஸ் ஆகிறது. அடியிலுள்ள சாயம் ஈரத்தில் கரைந்து மேலே ஏறுவதால் வருவது அது. நிறமி மைமேல் போட்டால் வராது. சாய மைமேல்தான் போட்டாக வேண்டுமென்றால் முதல் பூச்சைக் காயவிட்டு இரண்டாவது பூச்சு கொடுங்கள்.

தாளும் சோதனையும்

வழக்கமான நோட்டுப் புத்தகத் தாளில் ஹைலைட்டர் மறுபக்கம் தெரியும். 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் நிம்மதி. பிரஷ் பேனா அதிகம் என்றால் 120-க்கு மேல் போகலாம். கனம் மட்டும் போதாது, பூச்சில்லாத சொரசொரத் தாள் 120 ஆனாலும் மையைக் குடிக்கும்.

புது ஜர்னலின் கடைசிப் பக்கத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். இருக்கும் பேனா ஒவ்வொன்றாலும் ‘மழை’ என்று மூன்று முறை எழுதி, முதலாவதில் 10 விநாடியிலும், அடுத்ததில் 1 நிமிடத்திலும், கடைசியில் 5 நிமிடத்திலும் ஹைலைட்டரை ஓட்டுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு முனையை வேறு தாளில் துடையுங்கள். மூன்றாவதும் இழுபட்டால் அந்தப் பேனா பட்டையின்மேல் எழுத மட்டுமே. தாளைத் திருப்பி ஊறலையும் பார்த்து, பேனாவின் பெயரைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். இருமுனைப் பேனாக்களைக் குவளையில் நிறுத்தாமல் படுக்கவைத்தால் இரண்டு முனைக்கும் மை சரியாக வரும்.