இருட்டில் எரிமலைத் தீவு: பாரனா, ஸ்ட்ரோம்போலியா, யசூரா?

பகலில் எரிமலைக்குப் போனால் புகையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். 1,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்புகூட வெயிலில் மங்கலான ஆரஞ்சாகத்தான் தெரியும். பாதி ஆறி 600, 700 டிகிரிக்கு வந்த பாறை வெறும் கருங்கல்தான். அதே கல் இருட்டில் செக்கச்செவேலென்று சரிவில் உருண்டு வரும். ஆகவே, எந்தத் தீவுக்குப் போனாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: நல்ல இருட்டில், கண்ணுக்கு எதிரே, எத்தனை நிமிடம் நிற்க முடியும்? "எரிமலை டூர்" என்று விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதற்கு நேரான பதில் இருக்காது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்கு நடைமுறையில் மூன்று வழி இருக்கிறது: அந்தமான் பாரன் தீவு, இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி, பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் யசூர். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் ஹவாயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாரன்: பாஸ்போர்ட் வேண்டாம், உத்தரவாதமும் இல்லை

இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கும் எரிமலை இது ஒன்றுதான். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 138 கிலோமீட்டர். 19-ஆம் நூற்றாண்டில் அடங்கி, ஒன்றரை நூற்றாண்டு தூங்கி, 1991-ல் மறுபடி வெடித்தது. அதன்பின் விட்டு விட்டு உறுமுகிறது. 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் நடந்தன. "விட்டு விட்டு" என்பதுதான் இங்கே சிக்கல். போகிற வாரம் அது சும்மா இருந்தால் கடலில் ஓர் இருண்ட மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தீவில் ஆள் குடியிருப்பு இல்லை. சுற்றுலாப் பயணிகள் கரையிறங்குவதும் கிடையாது. கப்பலிலிருந்து பார்ப்பதோடு சரி. அதனால் டிக்கெட் வாங்கும் முன் மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, தீவை எட்டும் நேரம். 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர், ஓடுகிற கப்பலுக்கு 5 மணி நேரம் ஆகும். 12 நாட் என்றால் 6 மணி நேரத்துக்கு மேல். அந்தமானில் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் நம்மூரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்திக்கொள்ளும். ஜூனில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும், நாலரைக்கே கிழக்கு வெளுக்கும். நள்ளிரவுக்குக் கிளம்பும் மெதுவான கப்பல் தீவை எட்டும்போது இருட்டே மிச்சம் இருக்காது. இரவு 9 மணிக்குக் கிளம்பினால் 2, 3 மணிக்குப் போய்விடலாம். அதுதான் சரியான கணக்கு.

இரண்டாவது, கப்பல் எந்தப் பக்கம் நிற்கும் என்பது. பழைய பெரிய வெடிப்பில் மலை உள்வாங்கி, சுமார் 2 கிலோமீட்டர் அகலப் பள்ளம் விழுந்திருக்கிறது. இப்போது புகைவது அதன் நடுவே வளர்ந்த கூம்பு. சுற்றிலும் மதில்போல் பாறைச் சுவர். மேற்கே மட்டும் உடைந்து வாசல் விட்டிருக்கிறது, குழம்பு கடலுக்கு வழிந்ததும் அந்த வழியாகத்தான். மேற்கே நின்றால் கூம்பு அடியிலிருந்து தெரியும். மற்ற பக்கம் நின்றால் சுவர்தான் தெரியும், உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும். தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணத்தைவிட, மேற்கே இன்ஜினைத் தணித்து அரை மணி நிற்கும் பயணம் மேல்.

மூன்றாவது, பருவம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் பயணம் ரத்தாவது சாதாரணம். குமட்டல் மாத்திரையை வாந்தி தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அவோமின் போன்றவை தூக்கத்தைக் கொடுக்கும், ஆகவே அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே போடவும்.

பல இரவுகளில் பாரனில் தெரிவது குழம்பு அல்ல. உள்ளே கனலும் வெளிச்சம் மேலே எழும் நீராவியில் பட்டுத் திரும்பும் செம்மைதான். அதுவும் அழகுதான், ஆனால் விளம்பரப் படத்தில் வரும் நெருப்பாறு அது இல்லை என்பது தெரிந்து போவது நல்லது. இந்தச் செம்மையைப் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாட்கள் தோது.

ஸ்ட்ரோம்போலி: படகா, சரிவா?

நம்பிப் போக ஏற்ற மலை என்றால் இதுதான். சிசிலிக்கு வடக்கே கடலிலிருந்து 924 மீட்டர் எழும் தீவு. வழக்கமான நாட்களில் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு வெடிப்பு, நூற்றாண்டுகளாக இதே தாளம். குழம்புக்குள் ஏறிவரும் பெரிய வாயுக்குமிழ் மேலே வந்து உடையும்போது, புஸ்வாணம் சீறுவதுபோல் கனன்று சிவந்த கற்துண்டுகள் சில பத்து மீட்டர் முதல் 100, 200 மீட்டர் வரை எழும்பி விழும். பிற எரிமலைகளில் இந்த வகை வெடிப்புக்குப் பெயரே இந்தத் தீவின் பெயர்தான்.

இங்கே உண்மையான போட்டி படகுக்கும் சரிவுக்கும்தான்.

படகு சூரியன் மறையும் நேரத்தில் கிளம்பி வடமேற்குச் சரிவின் கீழே போய் நிற்கும். சியாரா டெல் ஃபுவோகோ என்ற கரிய சரிவு அது. வெடித்து விழும் கற்கள் அதன்மேல் உருண்டு கடல்வரை வரும். கல் கீழே வரவர மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு கருஞ்சிவப்பாகி அணைவதைக் கடலிலிருந்து முழுதாகப் பார்க்கலாம். வெடிவாய்கள் ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சத்தம் பிந்தித்தான் வரும். செந்நிறம் கிளம்பியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர் கணக்கு. 5 எண்ணும்போது இடி கேட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறீர்கள். குறை, நேரம். அரை மணி நிற்கும் படகில் இரண்டு மூன்று வெடிப்புதான் கிடைக்கும், அதில் ஒன்று பக்கத்துப் பயணியின் தலைக்குப் பின்னால் போய்விடும்.

சரிவில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் நாலைந்து வெடிப்பு பார்க்கலாம், தரை அதிர்வதும் காலில் தெரியும். 2019 வரை குழு குழுவாக வெடிவாய்களுக்கு மேலே 918 மீட்டர் உயரத்தில் உள்ள முனைக்கே அழைத்துப்போனார்கள். அந்த ஆண்டு ஜூலை 3-ல் வந்த பெருவெடிப்பில் மலையில் நடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்தார், உச்சி மூடப்பட்டது. அதன்பின் இருந்துவரும் ஏற்பாடு: 290 மீட்டர் வரை வழிகாட்டி இல்லாமல், 400 மீட்டர் வரை உரிமம் பெற்ற வழிகாட்டியோடு. எச்சரிக்கை நிறம் பச்சையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறினால் இதுவும் சுருங்கும். 2024 ஜூலையில் வந்த பெருவெடிப்பின்போதும் கட்டுப்பாடு இறுகியது. கிளம்பும் வாரத்தில் தீவு நிர்வாகத்தின் உத்தரவைப் பார்க்காமல் 400 மீட்டர் பயணத்துக்கு முழுப் பணம் கட்டாதீர்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

படகுதான் பாதுகாப்பு என்று நினைப்பதும் பிழை. 2019 ஆகஸ்ட் 28-ல் வெடித்தபோது சூடான சாம்பல் மேகம் சரிவில் இறங்கிக் கடல்மேலும் பாய்ந்தது, பக்கத்தில் இருந்த படகுகள் இன்ஜினை முடுக்கித் தப்பின. ஹவாயில் 2018 ஜூலை 16-ல் குழம்பு கடலில் விழும் இடத்துக்குப் போன சுற்றுலாப் படகின்மேல் கல் வந்து விழுந்து 23 பேர் காயமடைந்தார்கள். "இன்னும் கிட்டே போகலாமா?" என்று படகோட்டியைக் கெஞ்சும் கூட்டத்தில் சேராதீர்கள்.

எங்கள் தீர்ப்பு: முழங்கால் நன்றாக இருப்பவர்கள் சரிவுக்குப் போங்கள். பெற்றோரோடு போகிறவர்கள் படகு. இரண்டு இரவு தங்க முடிந்தால் முதல் இரவு படகு, மறுநாள் சரிவு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: கடலிலிருந்து எந்த வாய் அன்று சுறுசுறுப்பு என்று பார்த்துவிட்டால், மறுநாள் மேலே எங்கே கண்வைப்பது என்று தெரிந்துவிடும்.

பகல் சுற்றுலாவாக மட்டும் போகாதீர்கள். மிலாட்ஸோவிலிருந்து அதிவேகப் படகில் வந்து மாலைப் படகிலேயே திரும்பினால் இருட்டுக்கு முன்பே தீவை விட்டுவிடுவீர்கள். ஜூனில் அங்கே சூரியன் மறைவதே எட்டரை மணிவாக்கில். நல்ல இருட்டுக்கு ஒன்பதரை ஆகும். அக்டோபர் தொடக்கத்தில் ஆறரை மணி சுமாருக்கே மறைந்துவிடும், கூட்டமும் குறைவு. காற்று அடித்தால் படகு ஓடாது, ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் காலியாக விடுங்கள். கிராமத்துச் சந்துகளில் தெருவிளக்கு ஏறக்குறைய கிடையாது, சாப்பிடப் போகவும் டார்ச் வேண்டும். கடலோரத்தில் சைரன் கேட்டால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு நடையைக் கட்டுங்கள்: 2002 டிசம்பர் 30-ல் சரிவு இடிந்து கடலில் விழுந்து சுனாமி எழுந்த தீவு இது.

விசா ஷெங்கன், கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அந்தக் காப்பீட்டில் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறு எழுத்தில் தேடுங்கள்.

யசூர்: விளிம்பிலேயே நிற்பது

டன்னா தீவில் 361 மீட்டர் உயரம்தான். ஜீப் கிட்டத்தட்ட மேலேயே கொண்டுபோய் விடும், மிச்சம் பத்துப் பதினைந்து நிமிட நடை. 1774-ல் கேப்டன் குக் கடலில் வரும்போது கண்ட செவ்வொளி இதுதான். சில நிமிடத்துக்கு ஒரு வெடிப்பு, அதையும் மேலிருந்து கீழே குனிந்து பார்க்கலாம். நெருக்கத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆபத்தும் அதே நெருக்கத்தில்தான். எச்சரிக்கை நிலை 0 முதல் 5 வரை; எண் ஏற ஏற நிற்கும் இடம் பின்னுக்குப் போகும், ஒரு கட்டத்தில் மலையே மூடப்படும். கல் எழும்பினால் திரும்பி ஓடக் கூடாது. ஓடுகிறவருக்கு முதுகில் கண் இல்லை. அண்ணாந்து பார்த்து, நம்மை நோக்கி வருவது எது என்று தெரிந்து, ஓரடி ஈரடி விலக வேண்டும். பக்கவாட்டில் நகர்வதாகத் தெரியும் கல் நம்மேல் விழாது. ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வருவதுதான் நமக்கானது.

நம்மூரிலிருந்து பார்த்தால் இடையூறு தூரம். சிங்கப்பூர் அல்லது ஹாங்காங், பிஜி, போர்ட் விலா, டன்னா என்று நாலு விமானம். ஆஸ்திரேலியா வழியாகப் போனால் டிரான்சிட் விசாவும் எடுக்க வேண்டும். இதற்காகவே மட்டும் போவது வசதியுள்ளவர்களுக்குத்தான்.

ஹவாயின் கிலாவேயா வேறு கதை. 2024 டிசம்பர் 23 முதல் அது விட்டு விட்டு ஊற்றாகப் பீய்ச்சுகிறது, சில முறை 300 மீட்டருக்கும் மேலே. ஒரு பீய்ச்சல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும், அடுத்ததற்குப் பல நாள் இடைவெளி. ஓசூரிலிருந்து தேதி குறித்து அதைப் பிடிக்க முடியாது. ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருக்கிறவர், அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்து, முன்னறிவிப்பு வந்ததும் டிக்கெட் போடலாம். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். இடம் 1,200 மீட்டர் உயரம் என்பதால் இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது.

நியூசிலாந்தின் ஒயிட் தீவை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அங்கே சிவப்பே தெரியாது, வெறும் நீராவிதான். அப்படி இருந்தும் 2019 டிசம்பர் 9-ல் திடீரென்று வெடித்து, தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தார்கள். தாளம் தப்பாத மலையைவிட நீர் தேங்கி அழுந்தும் மலை மோசம்.

காலும் மூக்கும் கைபேசியும்

நம் குவாரிகளில் அறுக்கும் கருப்பு கிரானைட்டில் பெரும்பகுதி டோலரைட், 200 கோடி ஆண்டுக்கும் முன்பு பூமியின் விரிசல்களுக்குள் ஏறி மெதுவாக உறைந்த குழம்பு. மெதுவாக ஆறியதால் இறுகி வழவழவென்று பாலிஷ் ஏறுகிறது. மேலே வந்து சட்டென்று ஆறிய கல்லோ குமிழ் குமிழாக, விளிம்பெல்லாம் கண்ணாடிபோல் கூர்மை. வழுக்கிக் கை ஊன்றினால் கிழித்துவிடும். தோட்டவேலைக் கையுறை ஒரு ஜோடி போதும். தீர்த்தமலைப் படி ஏறி இறங்கி முழங்காலைப் பழக்கலாம், மூச்சுக்கு நல்லது. ஆனால் சாம்பல் சரிவில் இறங்குவது வேறு வித்தை: குதிகாலை முதலில் அழுத்தி, உடம்பைப் பின்னுக்குச் சாய்க்காமல் இறங்க வேண்டும். கணுக்காலை மூடும் ஷூ இல்லையென்றால் பத்து அடிக்கு ஒருமுறை உட்கார்ந்து கல் கொட்டவேண்டியிருக்கும்.

என்-95 முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், கந்தக டை ஆக்சைடைத் தடுக்காது. அதற்கு வாயு வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். தொண்டை எரிந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்கே நகருங்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு யசூர் விளிம்பு ஏற்றதல்ல. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிக் கண்ணாடி போடுங்கள்.

தலை விளக்கில் சிவப்பு ஒளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளை ஒளி பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், அதற்குள் இரண்டு வெடிப்பு போய்விடும். சரிவில் கேமராவை முக்காலியில் வைத்து ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு எண்) 800, ஷட்டர் நாலு முதல் எட்டு விநாடி. ஃபோகஸைத் தொலைவில் உள்ள கிராம விளக்கில் பிடித்துப் பூட்டிவிடுங்கள். கப்பலில் முக்காலி வீண், தளமே ஆடும். அங்கே ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு மேல் ஏற்றி 1/60 விநாடியில் எடுக்க வேண்டும். கைபேசியின் நைட் மோடை அணைத்துவிட்டு, திரையில் சிவப்பைத் தொட்டு, வெளிச்சத்தை இரண்டு படி இறக்கி வீடியோவாக எடுங்கள். இல்லையென்றால் குழம்பு முழுக்க வெள்ளைத் திட்டாக விழும்.